காதுமடலில் ஒளிந்திருக்கும் எமன்
நாய்க்கும் பூனைக்கும் உண்ணியும் தெள்ளும் செய்யும் கொடுமை

சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலையில் திண்டிவனத்தைத் தாண்டி, விழுப்புரத்தை எட்டுவதற்கு முன்னால் வருவது விக்கிரவாண்டி. கும்பகோணம், தஞ்சாவூர் போகிறவர்களுக்குப் பாதை பிரிகிற இடம். சுங்கச்சாவடியில் வண்டி நிற்கிற அந்தச் சில நிமிஷங்களோடு பெரும்பாலான பயணிகளுக்கு இந்த ஊருடன் உறவு முடிந்துவிடுகிறது. சாலையை விட்டு இறங்கி உள்ளே போனால்தான் கரும்பும் நெல்லும் கண்ணுக்குத் தெரியும். மோட்டார் கொட்டகை தோறும், மாட்டுக் கொட்டகை தோறும் காவலுக்கு ஒரு நாய் படுத்திருப்பதும் தெரியும்.

அந்த நாய்க்கு ஜாதியும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. மணி என்றோ டைகர் என்றோ ஒரு பெயர் இருக்கும். ராத்திரி முழுவதும் குரைத்துப் பன்றியை விரட்டும். பகலில் சாக்கின் மேல் சுருண்டு தூங்கும். ஒரு நாள் அது சோற்றைத் தொடாது. இரண்டாம் நாள் எழுந்திருக்க மனமில்லாமல் கிடக்கும். மூன்றாம் நாள் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டும். "யாரோ விஷம் வைத்துவிட்டான்!" என்று வீட்டுக்காரர் கூச்சல் போடுவார். பக்கத்துக் கொல்லைக்காரருக்கும் அவருக்கும் ஏற்கெனவே வரப்புத் தகராறு இருந்தால் கேட்கவே வேண்டாம்!

விஷம் வைத்தவன் பக்கத்துக் கொல்லையில் இல்லாமல், நாயின் காதுமடலிலேயே உட்கார்ந்திருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றுவதில்லை. உண்ணி கடித்ததால் வரும் காய்ச்சலிலும் இதே போல மூக்கில் ரத்தம் வரும். எலி மருந்தைத் தின்ற நாய்க்கும் ரத்தம் கசியும் என்பது உண்மைதான். எது காரணம் என்பதைச் சண்டையால் தீர்மானிக்க முடியாது. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

கிண்டியில் கண்டுபிடித்தார்கள்

நாயின் ரத்தத்தை இப்படிக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்கும் வித்தைக்குத் தமிழ்நாட்டில் ஒரு பழைய சரித்திரமே உண்டு. உலகத்துக் கால்நடை வைத்தியப் புத்தகங்களில் எல்லாம் இடம் பெற்றுவிட்ட ஒரு கிருமி, சென்னைப் பட்டணத்து நாய்களின் ரத்தத்தில்தான் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது.

வெள்ளைக்காரத் துரைமார்கள் சென்னையில் 'மெட்ராஸ் ஹண்ட்' என்ற பெயரில் ஒரு வேட்டைச் சங்கம் வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் குதிரை ஏறி, நாய்க் கூட்டத்தை முன்னே விட்டு நரியைத் துரத்துவது அவர்களுக்குக் குல வழக்கம். அதே விளையாட்டை இங்கேயும் தொடர்ந்தார்கள். சீமை நரி கிடைக்காத குறைக்கு, நம் ஊர்க் குள்ளநரி அகப்பட்டது. வேட்டை நாய்களோ காய்ச்சலும் சோகையுமாக மெலிந்தன.

அப்போது கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் பணியாற்றிக் கொண்டிருந்தவர் டபிள்யூ. எஸ். பாட்டன். இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த டாக்டர். பூச்சிகளைப் பற்றிய ஆராய்ச்சியில் ஆழ்ந்த பற்றுடையவர். அந்த வேட்டை நாய்களின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது, சிவப்பு அணுக்களுக்கு உள்ளே மிகச் சிறிய ஓர் ஒட்டுயிர் குடியிருப்பதைக் கண்டார். பிறகு குள்ளநரியின் ரத்தத்தையும் பார்த்தார். அங்கேயும் அதே பிராணி! 1910-ம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவ சஞ்சிகை ஒன்றில் இதைப் பற்றி எழுதினார். அவர் இட்ட பெயரின் பின்பாதி இன்றைக்கும் நிலைத்திருக்கிறது. 'பபேசியா கிப்சோனி' என்று இப்போது அதை அழைக்கிறார்கள். ஜப்பான் முதல் அமெரிக்கா வரை நாய் வளர்ப்பவர்களைக் கலங்க வைக்கும் கிருமி அது.

துரத்திய நாயின் உடம்பிலும், துரத்தப்பட்ட நரியின் உடம்பிலும் ஒரே கிருமி குடியிருந்த விநோதத்தை என்னவென்று சொல்வது!

பாட்டனுக்கு முன்னாலேயே அதே கிண்டியில் நாய் உண்ணியை அறுத்துப் பார்த்த இன்னொரு மேதை, எஸ். ஆர். கிறிஸ்டோபர்ஸ். மலேரியா ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர்; பிற்காலத்தில் 'சர்' பட்டம் வாங்கியவர். நாயின் ரத்தத்திலிருந்து உண்ணியின் வயிற்றுக்குள் போன கிருமி அங்கே எப்படி உருமாறுகிறது என்பதை 1907-ம் ஆண்டில் அவர் விவரித்தார். இந்த மனிதர் 1873-ல் பிறந்து 1978-ல்தான் காலமானார். 104 வயது வாழ்ந்தவர் என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மூக்கில் ரத்தம் வரவழைக்கும் கிருமி மட்டும் வேறு ஜாதி. அதற்கு 'எர்லிக்கியா' என்று பெயர். அதை 1935-ம் ஆண்டில் அல்ஜீரியாவில் கண்டார்கள். வியட்நாம் யுத்தத்தின்போது அமெரிக்கப் பட்டாளத்தின் நாய்கள் நூற்றுக்கணக்கில் இதனால் மாண்டபோதுதான் உலகம் இதன் பலத்தை உணர்ந்தது. ரத்தம் உறைவதற்கு உதவும் தட்டணுக்களை இந்த நோய் அழிக்கிறது. அதனால்தான் மூக்கில் ரத்தமும், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகளும் தோன்றுகின்றன. ஈறு வெளுத்துப் போகிறது. இரண்டு கிருமிகளும் ஒரே நாயிடம் சேர்ந்து குடியேறுவதும் உண்டு.

எரவாணத்தில் ஏறும் உண்ணி

ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணியைப் பார்த்தவர்களுக்கு ஆமணக்கு விதை ஞாபகம் வரும். இந்த ஒப்புமை பழங்காலத்து ரோமாபுரிக்காரர்களுக்கும் தோன்றியிருக்கிறது. ஆமணக்குச் செடிக்கு அவர்கள் வைத்த 'ரிசினஸ்' என்ற பெயருக்கு உண்ணி என்றே பொருள்.

மாட்டு உண்ணி வேறு. நாய் உண்ணி வேறு. சாதாரண மாட்டு உண்ணி, குஞ்சாக ஏறியது முதல் வயிறு நிறைந்து விழும் வரை ஒரே மாட்டின் மேலேயே காலம் தள்ளும். நாய் உண்ணி அப்படியல்ல. குஞ்சுப் பருவத்தில் ஆறு கால்களோடு நாயின் மேல் ஏறி ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழுகிறது. மறைவிடத்தில் தோலுரித்து, எட்டுக் கால்களோடு மறுபடியும் ஏறுகிறது. மறுபடியும் விழுகிறது. வளர்ந்த பிறகு மூன்றாம் முறையாக ஏறுகிறது. கடைசியில் பெண் உண்ணி வயிறு புடைக்கக் குடித்துவிட்டுக் கீழே இறங்கி, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப் போகிறது.

அது எங்கே போய் முட்டையிடுகிறது? இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள். நாயைத் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார்கள். தரையைக் கூட்டிப் பெருக்குகிறார்கள். உண்ணியோ தரையில் இருப்பதில்லை. சுவரில் மேல் நோக்கி ஏறுகிற சுபாவம் அதற்கு. கூரை வீடானால் எரவாணத்து ஓலை இடுக்கு. மச்சு வீடானால் சுவர் விரிசல், கதவு நிலை, மின்சார ஸ்விட்ச் பலகையின் பின்புறம் என்று உயரமான சந்துகளைத் தேடிப் போகிறது. ஒரு நாய் செத்து, வீட்டார் துக்கம் ஆறி, பல மாதம் கழித்து இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து அதே சாக்கில் படுக்கப் போட்டால், பட்டினியாகக் காத்திருந்த உண்ணிகள் சுவரிலிருந்து இறங்கி வருகின்றன. 'இந்த வீட்டுக்கு நாய் ராசியில்லை' என்று பேச்சு எழுவதற்குப் பல இடங்களில் இதுவே காரணமாக இருக்கக் கூடும்!

உண்ணியைப் பிடுங்குவதிலும் ஒரு முறை உண்டு. நெருப்புக் குச்சியால் சுடுவதும், மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ஒற்றுவதும், விரலால் நசுக்குவதும் தவறு. சுடப்பட்ட உண்ணி, வயிற்றில் உள்ளதை நாயின் உடம்பிலேயே கக்கிவிடலாம். விரலால் நசுக்கினால் அந்த ரத்தம் நகக்கண்ணில் படுகிறது. கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டினாற் போல் தலைப்பக்கத்தைப் பிடித்து, திருகாமல் நிதானமாக இழுக்க வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீர் உள்ள டப்பாவில் போட்டுவிட வேண்டும். காதுமடலின் உட்புறம், கால்விரல் இடுக்கு, கழுத்துப் பட்டையின் அடிப்பக்கம் ஆகிய மூன்று இடங்களையும் தினம் பார்ப்பது நல்லது. ரத்தப்போக்கைத் தரும் அந்தக் கிருமி, உண்ணி கடித்த சில மணி நேரத்திலேயே நாயின் உடம்பில் புகுந்துவிடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தடவை பார்த்தால் போதும் என்று இருக்க முடியாது.

பூனைப் பெயரில் ஒரு பூச்சி

தெள்ளுப்பூச்சியின் கதை வேறு. அதற்கு ஆறு கால், சிறகு இல்லை, உடம்பு பக்கவாட்டில் தட்டையாக அழுத்தப்பட்டது போல் இருக்கும். ரோமங்களுக்கு இடையில் மீன் போல நழுவி ஓடும். உலகம் முழுவதும் நாய்களிடம் அதிகமாகக் காணப்படும் தெள்ளுக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயரே 'பூனைத் தெள்ளு' என்பதுதான்! பெயர் பூனைக்கு, தொல்லை இருவருக்கும். நம் பக்கத்தில் இதன் நெருங்கிய உறவு ஒன்று ஆட்டையும் விட்டுவைப்பதில்லை. ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் படுக்கும் நாய் சொறிந்துகொண்டே இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

தன் உடம்பின் நீளத்தைப் போல் பல மடங்கு தூரம் தாவும் இந்தச் சிறு பூச்சியின் பலம் எங்கேயிருந்து வருகிறது? அதன் தசைகளுக்கு அவ்வளவு சக்தி கிடையாது. பின்னங்கால் உடம்போடு சேரும் இடத்தில் 'ரெசிலின்' என்ற ரப்பர் போன்ற பொருள் ஒன்று இருக்கிறது. உண்டிவில்லை இழுத்துப் பிடிப்பது போல் அதை முதலில் அழுத்தி வைத்து, பிறகு சட்டென்று விடுகிறது. இந்தச் சூட்சுமத்தை 1967-ம் ஆண்டில் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் விளக்கினார்கள்.

தெள்ளு நாயின் மேலேயே முட்டையிடும். ஆனால் முட்டை வழவழப்பாக இருப்பதால் உதிர்ந்துவிடும். நாய் போகிற இடமெல்லாம் விதை தூவியது போல் ஆகிறது. சாக்கு, பாய், தலையணை, மணல் எல்லாவற்றிலும் புழு உண்டாகி, கூடு கட்டி உறங்குகிறது. உடம்பில் பத்துப் பூச்சி தெரிந்தால், அதைப் போல் பல மடங்கு முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் வீட்டில் இருக்கிறது என்று கொள்ளலாம். கூட்டுக்குள் இருக்கும் பூச்சி, ஆள் நடமாட்டத்தின் அதிர்வும் மூச்சுக்காற்றும் பட்டால்தான் வெளியே வரும். விடுமுறைக்கு ஊர் போய்த் திரும்பியவர்கள் பூட்டிய வீட்டைத் திறந்ததும் கணுக்கால் பூராவும் கடிபடுவது இதனால்தான்.

அரிப்போடு விட்டால் சரி. பல்லால் கடித்துச் சொறியும்போது நாயும் பூனையும் தெள்ளை விழுங்கிவிடுகின்றன. தெள்ளின் வயிற்றில் இருக்கும் நாடாப்புழு அப்படியே குடலில் வளர்கிறது. மலத்தில் வெள்ளரி விதை போல் துண்டு துண்டாக நெளிவது அதுதான். நாயோடு உருண்டு விளையாடும் குழந்தை தவறிப்போய் ஒரு தெள்ளை விழுங்கினால் அதற்கும் வரும். புழுவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டுத் தெள்ளை ஒழிக்காமல் விட்டால், அடுத்த மாதம் புழு திரும்பவும் வந்து சேரும்.

தெள்ளின் பெயரைச் சொன்னாலே பயந்த காலம் ஒன்று இருந்தது. பிளேக் நோயை எலித் தெள்ளு பரப்புகிறது என்று 1898-ல் கராச்சியில் சோதனை செய்து சொன்னவர் பிரெஞ்சு டாக்டர் பால் லூயி சீமோன். அப்போது அவரை நம்பியவர்கள் மிகச் சிலர். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில்களே உண்டு என்றால் அந்தக் கொள்ளை நோய் மக்கள் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்று யூகித்துக் கொள்ளலாம்.

மருந்தே விஷமானால்

இனி வைத்தியம். கிராமத்தில் கை வைத்தியத்துக்குப் பஞ்சமில்லை. மண்ணெண்ணெய், பினாயில், புகையிலைத் தண்ணீர், வயலுக்கு அடித்து மீந்த பூச்சி மருந்து எல்லாம் நாயின் முதுகில் ஏறுகின்றன. உண்ணி சாகிறது, சில சமயம் நாயும் சாகிறது. நாய் தன் உடம்பை நக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் டி.டி.டி., பி.எச்.சி. பொடிகளைத் தூவினார்கள். பி.எச்.சி. 1997-ல் தடை செய்யப்பட்டது. டி.டி.டி.யை வயலில் பயன்படுத்துவதும் 1989-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது.

பூனை வளர்ப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. நாய்க்கு விற்கும் உண்ணி மருந்துகள் பலவற்றில் 'பெர்மெத்ரின்' கலந்திருக்கிறது. நாய்க்கு அதனால் தீங்கில்லை. அதே மருந்தைப் 'பாதி அளவுதானே' என்று பூனையின் கழுத்தில் தடவினால், உடம்பு வெட்டி இழுத்து, சில மணி நேரத்தில் உயிர் போகவும் கூடும். இத்தகைய பொருள்களைச் செரித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகவும் குறைவு. பினாயில் போட்டுத் துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே அதற்குக் கெடுதல். காய்ச்சல் என்று மனிதர் சாப்பிடும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்தாலும் அதே கதிதான்.

மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசி மருந்தை நாய்க்குக் குத்துகிற பழக்கமும் பரவியிருக்கிறது. அந்த மருந்து அற்புதமானதுதான். அதைக் கண்டறிந்தவர்களுக்கு 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் மாட்டின் எடைக்கும் நாயின் எடைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் மதிப்பிட்டுக் குத்துவது விபரீதம். சில சீமை ஜாதி நாய்களுக்கு அது மூளையைத் தாக்கும்.

இப்போது கழுத்தின் பின்புறம் சொட்டு விடும் மருந்துகளும், உள்ளுக்குக் கொடுக்கும் மாத்திரைகளும் வந்திருக்கின்றன. மாத்திரையின் மருந்து நாயின் ரத்தத்தில் கலந்து நிற்கிறது. உண்ணியோ தெள்ளோ அந்த ரத்தத்தைக் குடித்ததும் நரம்புகள் அளவுமீறித் தூண்டப்பட்டுச் சாகிறது. சில மாத்திரைகள் ஒரு மாதமும், சில ஏறத்தாழ மூன்று மாதமும் காக்கின்றன. விலை அதிகம் என்பதை மறைப்பதில் பயனில்லை. தினக்கூலிக் குடும்பத்துக்கு எட்டாத விலைதான். அவர்களுக்குத் தினசரி இடுக்கியும், படுக்கைச் சாக்கை வெந்நீரில் அலசுவதும், சுவர் விரிசலை அடைப்பதும்தான் மிச்சம். அவற்றால் பாதிப் போரை வெல்லலாம்.

காய்ச்சல் வந்துவிட்டால் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போவதைத் தவிர வேறு வழியில்லை. விக்கிரவாண்டியில் இருப்பவர்களுக்குப் புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதிக தூரமில்லை. சென்னை வேப்பேரியில் 1903 முதல் இருந்து வரும் கல்லூரியை எல்லோரும் அறிவார்கள். மூக்கில் ரத்தம் வரும் நோய்க்கு 'டாக்சிசைக்ளின்' என்ற சாதாரண, மலிவான மாத்திரையே கைகொடுக்கிறது. ஆனால் நான்கு வாரம் விடாமல் கொடுக்க வேண்டும். நான்காம் நாளே நாய் வாலை ஆட்டிச் சோறு தின்னத் தொடங்கும். அங்கேதான் பலரும் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். கிருமி எலும்பு மஜ்ஜையில் பதுங்கிக்கொண்டு, பல மாதங்கள் கழித்து மீண்டும் தலை தூக்குகிறது. பாட்டன் கண்ட கிருமிக்கு மருந்து வேறு. அது இன்றும் எளிதில் வேரோடு அகலாத பிடிவாதக்காரக் கிருமிதான்.

பெயரால் வந்த வினை

மழைக்காலம் முடிந்து பனி தொடங்கும் மாதங்களில் விழுப்புரம் மாவட்டத்திலும் அக்கம்பக்கத்திலும் மனிதர்களுக்கு ஒரு காய்ச்சல் வருகிறது. 'ஸ்க்ரப் டைபஸ்' என்று டாக்டர்கள் சொல்வதைப் பத்திரிகைகள் 'உண்ணிக் காய்ச்சல்' என்று தமிழாக்கின. அதைக் கேட்டதும், "நாய் உண்ணியால்தான் வருகிறது" என்று எண்ணி, வளர்த்த நாயைச் சாலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டாகலாம். சுங்கச்சாவடிப் பக்கம் விடப்படும் நாய் எத்தனை நாள் உயிரோடு இருக்கும்?

உண்மையில் அந்தக் காய்ச்சலுக்கும் நாய் உண்ணிக்கும் சம்பந்தமில்லை. அதைப் பரப்புவது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய வேறொரு ஜந்துவின் குஞ்சு; சிவந்த நிறமுடையது. புதரிலும் புல்லிலும் வரப்பிலும் இருக்கும். எலியும் மூஞ்சூறும்தான் அதற்கு இருப்பிடம். நெல் அறுக்கவும் விறகு பொறுக்கவும் புதர் ஓரம் ஒதுங்கவும் போகிறவர்களை அது கடிக்கிறது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல் கறுத்த பொருக்கு ஒன்று தோன்றும். இடுப்பிலோ அக்குளிலோ தொடையிடுக்கிலோ மறைந்திருப்பதால் நோயாளிக்கே தெரிவதில்லை. ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் விடவில்லையானால், விக்கிரவாண்டிக்காரர்கள் பக்கத்தில் முண்டியம்பாக்கத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், இந்தப் பொருக்கைக் காட்டினால் போதும். நாய்க்குக் கொடுக்கிற அதே டாக்சிசைக்ளின்தான் இதற்கும் மருந்து! காலத்தில் கொடுத்தால் இரண்டொரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். காலம் கடந்தால் நுரையீரலையும் மூளையையும் தாக்கி உயிருக்கே ஆபத்தாகும்.

அதற்காக நாய் உண்ணி முற்றிலும் நிரபராதி என்று சொல்லிவிடவும் முடியாது. 'இந்திய உண்ணி டைபஸ்' என்ற வேறொரு காய்ச்சலை அது மனிதனுக்குக் கொடுக்கக் கூடும். உடம்பிலும் உள்ளங்காலிலும் சிவப்புத் தடிப்புகள் தோன்றுவது அதன் அடையாளம். நாயிடமிருந்து உண்ணி எடுத்த பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்வது இதற்காகத்தான்.

விக்கிரவாண்டிப் பக்கத்துக் கிராமங்களில் பொங்கல் நெருங்கும்போது வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். போகியன்று பழம் பாயையும் கந்தலையும் கழிக்கிறார்கள். மாட்டுப் பொங்கலன்று மாட்டைத் தேய்த்துக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் பூசுகிறார்கள். நாயின் சாக்கு மட்டும் மாட்டுக் கொட்டகை மூலையில் போன வருஷத்தியதாகவே கிடக்கிறது. அதை வெந்நீரில் அலசி வெயிலில் போட்டு, அது கிடந்த மூலையின் சுவர் விரிசலில் மட்டையால் இரண்டு தரம் சுண்ணாம்பை அழுத்திப் பூச அரை மணி நேரம் பிடிக்கும்.